மதுரை திருமங்கலம் பக்கம் லைசென்ஸ் உள்ள டே கேர் இருக்கிறதா? (8 மாதக் குழந்தை)

குண்டாற்றங்கரை
9 ஜூன் 2025, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. 26 வார விடுப்பு முடிந்து, கையில் மிச்சம் இருந்த லீவையும் கரைத்தாகிவிட்டது. ஜூலை 1 அன்று காளவாசலில் உள்ள அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். வீடு திருமங்கலம். வீட்டுக்காரர் ஓசூரில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். மாமியாருக்கு மூட்டுவலி. உட்கார்ந்த இடத்தில் மடியில் வைத்துக்கொள்வார், ஆனால் தவழ ஆரம்பித்த பிள்ளையின் பின்னால் ஓட முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். அம்மா பேரையூரில். மாடு கன்றை விட்டு அவரால் வந்து தங்க முடியாது.

ஒரு வாரமாக ஐந்து இடம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டேன், லைசென்ஸ் இருக்கிறதா என்று.

முதல் இடத்தில் சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேமைக் காட்டினார்கள். போட்டோ எடுத்து வந்து வீட்டில் பெரிதாக்கிப் படித்தால், அது ஒரு ப்ளே ஸ்கூல் கம்பெனி தன் பெயரை வைத்துக்கொள்ளக் கொடுத்த ஃப்ரான்சைஸ் சான்றிதழ். இரண்டாவது இடத்தில் காட்டியது சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. மூன்றாவதில் "ஆடிட்டர்கிட்ட இருக்கு". நான்காவதில் "ஒன்றரை வயசு ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க". ஐந்தாவது இடத்து அம்மா சிரித்தே விட்டார். "லைசென்ஸா? நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்?"

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஏப்ரல் 29 அன்று மதுரை கே.கே.நகரில் மழலையர் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்த செய்தி வந்ததே, அன்று ராத்திரி பாப்பாவை நான் மடியை விட்டு இறக்கவே இல்லை.

டே கேருக்கு லைசென்ஸ் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா? உண்டென்றால் யார் கொடுப்பது? திருமங்கலம், கப்பலூர் பக்கம் யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கேட்_போட்டாச்சு
9 ஜூன், இரவு 11.15

லைசென்ஸ் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் வழி பற்றி மட்டும் சொல்கிறேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் டே கேரும் இந்தப் பக்கம் பஸ் ஏறும் இடமும் அமைந்தால் தொலைந்தீர்கள். நான் எட்டே முக்காலுக்கு மகனை விட்டுவிட்டு, கேட்டில் நின்று இரண்டு ரயிலுக்கு டாட்டா காட்டிவிட்டு, ஒன்பதரைக்குத்தான் பஸ் பிடித்திருக்கிறேன். சாயங்காலமும் இதே கூத்து. தாமதத்துக்கு அரை மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் இடமாக இருந்தால் மாதக் கடைசியில் வயிறு எரியும்.

முன்னாள்_கரஸ்பாண்டென்ட்
10 ஜூன், காலை 6.20

வில்லாபுரத்தில் ஆறு வருடம் ப்ளே ஸ்கூலும் கூடவே டே கேரும் நடத்தி, கொரோனாவில் பூட்டியவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டே கேர் லைசென்ஸ்' என்று ஒற்றைத் தாளைத் தேடினால் உங்களுக்குக் கிடைக்காது. நான் நடத்தியபோது என் கையில் இருந்தது ப்ளே ஸ்கூல் அங்கீகாரம். 2015-ல் தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கென்றே ஒரு விதித்தொகுப்பு வந்தது. அதன்படி கல்வித்துறையில் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அங்கேதான் கோப்பு போகும்.

அந்தக் கோப்புக்குள் நான்கு சான்று இருக்க வேண்டும். தனியார் பள்ளி நடத்தும் யாரிடமும் 'நாலு சர்டிஃபிகேட்' என்றால் போதும், தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. இதில் கட்டட உரிமம் தாசில்தார் கொடுப்பது, 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி. வாடகை வீட்டில் நடத்துபவர்களுக்கு இதுதான் தலைவலி. வீட்டு ஓனர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், கையெழுத்து என்றால் மட்டும் ஊரில் இருக்க மாட்டார்.

தீயணைப்புத் துறையிலிருந்து வந்தவரை நான் மறக்கவே மாட்டேன். சிவப்பு சிலிண்டரைப் பார்ப்பார் என்று பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். அவர் சிலிண்டரில் ரீஃபில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நேராகச் சமையல் கட்டுக்குப் போனார். கேஸ் அடுப்புக்கும் பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. "தீ இங்க பிடிச்சா பிள்ளைகளை எந்த வழியா எடுப்பீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பின்பக்கம் வாசல் உடைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. அந்தக் கேள்வியை அவர் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பள்ளிக்கு. முன்னறையில் ப்ளே ஸ்கூல், பின்னறையில் நான்கைந்து கைக்குழந்தைகள் என்றுதான் என் இடம் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னறையைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். காலை எட்டு முதல் சாயங்காலம் ஏழு வரை எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொள்கிறாயே, அதற்கு என்ன சான்று வைத்திருக்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஆகவே 'லைசென்ஸ் இருக்கா' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எதைக் காட்டினாலும் அது பதிலாகிவிடும். உங்களுக்கு ஃப்ரான்சைஸ் ஃப்ரேமைக் காட்டியதும் அதனால்தான். கல்வித்துறை அங்கீகார ஆணை எங்கே, எந்த முகவரிக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். முகவரியைக் கட்டாயம் பாருங்கள். பழைய கட்டடத்துக்கு வாங்கியதைப் புதுக் கட்டடத்தில் மாட்டி வைத்திருப்பவர்களை எனக்கே தெரியும். தீயணைப்புச் சான்றை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதன் தேதியும் முக்கியம்.

சும்மா_கேட்டேன்
10 ஜூன், காலை 8.05

கோபிக்கக் கூடாது தங்கச்சி. என் இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் வளர்ந்தார்கள். அக்காவிடம் இருந்த ஒரே சான்று ரேஷன் கார்டு. பெரியவன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். கே.கே.நகரில் நடந்ததும் போர்டு மாட்டி, பீஸ் வாங்கி நடத்திய இடத்தில்தானே? சான்றிதழா வந்து தொட்டியை மூடும்?

குண்டாற்றங்கரை
10 ஜூன், காலை 8.31

அண்ணா, சான்றிதழ் மூடாதுதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து கேட்டைத் திறந்து உள்ளே நடந்து பார்க்கிறார் என்றால், அந்த பயத்திலாவது மூடி போடுவார்கள் இல்லையா? எனக்கு அது போதும். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன். என் பக்கத்து வீட்டில் டயர் குடோன்.

சட்டைப்பையில்_சட்டம்
10 ஜூன், பகல் 1.10

உங்கள் அலுவலகத்தில் மொத்தம் எத்தனை பேர்? ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தால் தேட வேண்டியது நீங்கள் அல்ல, அவர்கள்.

1961 மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். 12 வாரமாக இருந்த விடுப்பு 26 ஆனது அப்போதுதான். அது எல்லோருக்கும் தெரியும். அதே திருத்தத்தில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் வந்தது. அதை யாரும் வாசிப்பதில்லை. ஐம்பது என்பது மொத்த ஊழியர் கணக்கு, பெண்கள் மட்டும் அல்ல. காப்பகத்தை அலுவலகத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்றும் இல்லை, பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாக ஒன்று வைத்தாலும் சரி.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் வேலை பார்க்கும் பெண்கள் இதைப் படித்தால், உங்களுக்கு இதைவிடப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 48-ஆம் பிரிவு. 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும். அந்த அறையில் சாக்கு மூட்டை அடுக்கியிருந்தால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது.

குண்டாற்றங்கரை
10 ஜூன், இரவு 9.50

எழுபது பேர் இருக்கிறோம். இன்று மதியம் எச்.ஆரிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் சென்னை ஐடி கம்பெனிக்கு மேடம்" என்றார்.

சட்டைப்பையில்_சட்டம்
10 ஜூன், இரவு 10.02

போனில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். மெயிலில் கேளுங்கள். சண்டை தொனி வேண்டாம். "ஜூலை 1 பணிக்குத் திரும்புகிறேன். திருத்தச் சட்டப்படி காப்பக வசதி எங்கே இருக்கிறது, பால் கொடுக்கும் இடைவேளையை எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவும்." இரண்டே வரி போதும். காப்பகம் உடனே வந்துவிடாது. ஆனால் எழுத்தில் 'கிடையாது' என்று பதில் போட யாருக்கும் கை வராது, ஏதாவது ஒன்று விட்டுக்கொடுப்பார்கள்.

டே கேரின் அங்கீகாரம் உண்மையா என்று பார்க்க, கல்வி அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம்.

கேட்_போட்டாச்சு
10 ஜூன், இரவு 10.20

30 நாளா? பாப்பா நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும்.

பால்வாடி_வீட்டுப்_பிள்ளை
11 ஜூன், காலை 7.40

என் அம்மா மேலூர் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், பால்வாடி என்ற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை. நடுத்தர வர்க்கத்துக்குக் கண்ணே தெரியாத கட்டடம் அது.

இரண்டு வயது முடிந்தால் அங்கன்வாடியில் உட்கார வைக்கலாம். மதியச் சாப்பாடு, முட்டை, எடை போட்டுக் குறித்து வைக்கும் அட்டை எல்லாம் உண்டு. எட்டு மாதத்துக்கு வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவு மட்டும்தான். அது நல்ல மாவு. பனங்கற்கண்டு போட்டுக் கிளறினால் என் மகன் இன்றும் சாப்பிடுவான். அவனுக்கு வயது ஒன்பது.

கைக்குழந்தைக்கு என்று மத்திய அரசின் குழந்தைக் காப்பகத் திட்டம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து அதற்குப் 'பால்னா' என்று பெயர். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். இதைத்தான் அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகமாக்குகிறார்கள். எங்கே நடக்கிறது என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் நேரில் கேளுங்கள், வட்டாரத்துக்கு ஒருவர் இருப்பார்.

ஆனால் உங்கள் கணக்குக்கு இது உதவாது என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் எட்டேகாலுக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்புவீர்கள். ஏழரை மணி நேரத்தில் அது அடங்காது. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கும் இதே கதைதான். திட்டம் போட்டவர்களுக்குப் பஸ்ஸில் போய் வேலை பார்க்கிற பெண் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

நெறியாளர்
11 ஜூன், காலை 9.00

தனிச்செய்தியில் சிலர் குறிப்பிட்ட மையங்களின் பெயரைப் போட்டுக் குறை எழுதலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பெயர், போன் நம்பர், குழந்தைகளின் படம் மூன்றும் இந்த இழையில் கூடாது. நேரில் பார்த்த ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

உசிலம்பட்டி_அத்தை
11 ஜூன், பகல் 2.45

பிள்ளைகள் தூங்குகிற நேரம், அதனால் எழுத முடிகிறது.

அந்த ஐந்தாவது இடத்து அம்மா மாதிரி ஆள்தான் நானும். "நான் என்ன பஸ்ஸா ஓட்டுறேன்" என்று நான் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் என்னிடமும் எந்தச் சான்றும் கிடையாது. பதினொரு வருடமாகப் பிள்ளை பார்க்கிறேன். ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் எடுப்பதில்லை. டீச்சர் பிள்ளை, நர்ஸ் பிள்ளை, வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணின் பிள்ளை. ஆமாம், கட்டட உரிமம் கொடுக்கிற அதே அலுவலகம்தான்.

ஏன் சான்று வாங்கவில்லை என்றால், வாங்கப் போனேன். போகாமல் இல்லை. வீட்டுக்கு முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் ஓடு. பொறியாளர் பார்த்துவிட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு வாருங்கள் என்றார். பிரித்துக் கட்ட ஆகும் செலவைப் பிள்ளைக்கு 3,500 வாங்கி எத்தனை வருடத்தில் எடுப்பது? பீஸை ஏற்றினால் நர்ஸ் பெண் எங்கே போவாள்? ஆனால் எனக்கு இது உறுத்தாமல் இல்லை. கே.கே.நகர் செய்தி வந்த மறுநாள் என் வீட்டுத் தரைத்தொட்டி மூடிக்கு வெல்டிங் பட்டறையில் கொண்டி வைத்துப் பூட்டினேன். பதினொரு வருடம் அதன் மேல் ஒரு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தேன், போதும் என்று நினைத்துக்கொண்டு.

இப்போது உனக்குச் சொல்கிறேன் மகளே. காலையில் போய்ப் பார்க்காதே. காலையில் எல்லா இடமும் கழுவித் துடைத்து, பிள்ளைகள் பவுடர் பூசிச் சிரிக்கும். சாயங்காலமும் போகாதே, அழைத்துப்போக வருவார்கள் என்று முகம் கழுவி வைத்திருப்பார்கள். ஒரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் சொல்லாமல் போ. சாப்பாடு முடிந்து தூங்கும் நேரம். பார்க்கிறவளும் அசந்துபோகிற நேரம் அதுதான். ஆயா கால் நீட்டிப் படுத்திருந்தால்கூடத் தப்பில்லை, கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார். டிவி சத்தம் கேட்டால் யோசி. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி அசைவில்லாமல் தூங்கினாலும் யோசி. பத்துப் பிள்ளை இருக்கிற இடத்தில் ஒன்றாவது சிணுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

குளியலறையில் தண்ணீர் நிரப்பிய வாளி இருக்கிறதா என்று பார். தொட்டியை எல்லோரும் பார்ப்பார்கள். எழுந்து நிற்கப் பழகுகிற பிள்ளைக்கு வாளி போதும்.

சும்மா_கேட்டேன்
11 ஜூன், மாலை 5.30

நான் சொன்னதைத்தான் அத்தையும் சொல்கிறார்.

உசிலம்பட்டி_அத்தை
11 ஜூன், இரவு 8.15

இல்லை தம்பி. எனக்குச் சான்று வேண்டும். கிடைக்கிற மாதிரி ஒரு சான்று வேண்டும் என்கிறேன். நாலு பிள்ளை பார்க்கிற வீட்டுக்கு நாற்பது பிள்ளைப் பள்ளிக்கூடத்துக் கோப்பு எதற்கு? சின்னதாக ஒன்று வைக்கட்டும், வருடத்துக்கு இருமுறை வந்து பார்க்கட்டும், நான் வாசல் திறந்து வைக்கிறேன்.

முன்னாள்_கரஸ்பாண்டென்ட்
11 ஜூன், இரவு 10.30

அத்தைக்கு ஒரு வணக்கம். என்னிடம் நான்கு சான்றும் இருந்தது, ஆனால் ஒரு சமயம் கைக்குழந்தை அறையில் ஒன்பது பேருக்கு ஒரே ஆயா என்று ஓட்டினேன். இன்னொரு ஆயா மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாதம். அந்த மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. சான்றிதழோடு நான் ஓட்டிய அந்த மாதத்தைவிட அத்தை வீடு பாதுகாப்பானது.

எண்ணிக்கை பற்றிச் சொல்கிறேன். 2018-ல் மத்திய பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் அலுவலகக் காப்பகங்களுக்கு ஒரு குறைந்தபட்ச வழிகாட்டுதல் கொடுத்தது. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும். மூன்று முதல் ஆறு வயது வரை இருபது பிள்ளைக்கு அதே இருவர். தனியார் டே கேரை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் நீங்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு அளவுகோல். என்னைக் கேட்டால், தவழும் பருவத்துக்குப் பத்துக்கு இரண்டு என்பதே இழுபறிதான். ஒன்றுக்குத் துணி மாற்றும்போது மற்றது படியேறும்.

"எத்தனை ஆயா?" என்று கேட்டால் மாலை வேலைக்கு வரும் பெண், கூட்டிப் பெருக்கும் பெண் எல்லோரையும் சேர்த்து ஐந்து என்பார்கள். "மதியம் இரண்டு மணிக்குக் கைக்குழந்தை அறையில் யார் யார்? அவர்களில் ஒருவர் லீவு போட்டால் யார்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பட்டென்று ஒரு பெயர் வர வேண்டும்.

தாய்ப்பால் எடுத்துக் கொடுத்தனுப்பினால் ஃப்ரிட்ஜில் உங்கள் பெயர் ஒட்டி வைக்கிறார்களா என்று பாருங்கள். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது அறை 25 டிகிரிக்குள் இருந்தால். நம்மூரில் மார்கழியில் வேண்டுமானால் பார்க்கலாம்.

சட்டைப்பையில்_சட்டம்
12 ஜூன், காலை 7.00

சிசிடிவி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். யார் போனில் தெரியும், எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று கேளுங்கள். எல்லாப் பெற்றோருக்கும் நேரலை கொடுக்கிறோம் என்றால், உங்கள் பிள்ளைக்குத் துணி மாற்றுவதை யார் யாரோ பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

குண்டாற்றங்கரை
19 ஜூன், இரவு 11.05

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பாப்பாவுக்குச் சளி, காய்ச்சல்.

முதலில் அலுவலகம். மெயில் போட்டேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காவது நாள் எச்.ஆர் கூப்பிட்டார், குரலே மாறியிருந்தது. காப்பகம் பற்றி "மேனேஜ்மென்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அது நடக்கும்போது பாப்பா கல்லூரிக்குப் போகும். ஆனால் பால் கொடுக்கும் இரண்டு இடைவேளையையும் சேர்த்து, 15 மாதம் ஆகும் வரை சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மெயில் போடச் சொன்ன சட்டம் அண்ணனுக்கு நன்றி.

திட்ட அலுவலர் அலுவலகத்துக்கும் போனேன். மரியாதையாகப் பேசினார்கள். என் நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

பிறகு மூன்று இடம் பார்த்தேன். மூன்றிலும் மதியம் ஒன்றே காலுக்குப் போனேன். ஒன்றில் கேட்டையே திறக்கவில்லை, "பேரன்ட்ஸ் விசிட் பத்து டூ பதினொன்று" என்று கம்பி வழியாகவே பேசினார்கள். அப்படியே திரும்பிவிட்டேன். இன்னொன்றில் வாசல் கோலம் முதல் எல்லாம் அழகு. பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே பெண், அவர் கையில் போன். நான் உள்ளே வந்து நின்று செருப்பைக் கழற்றி, சுவரில் இருந்த வாத்துப் படத்தை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

மூன்றாவது இடம் எங்கள் பக்கத்திலேயே, கேட் தாண்ட வேண்டியதில்லை. ப்ளே ஸ்கூல் அங்கீகார ஆணை அதே முகவரிக்கு இருந்தது. கட்டட உரிமம், உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று மூன்றும் தேதிக்குள் இருந்தன. தீயணைப்புச் சான்று மார்ச் மாதத்தோடு முடிந்திருந்தது. சுட்டிக் காட்டினேன். அந்த அம்மா முகம் சிவந்துபோய், பீரோவைத் திறந்து புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதை எடுத்துக் காட்டினார். "யாரும் தேதி பார்த்ததே இல்லைம்மா" என்றார். கைக்குழந்தை அறையில் ஆறு பிள்ளைகள், இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் லீவு போட்டால் யார் என்று கேட்டேன். தன் நாத்தனார் பெயரைச் சொல்லி, அங்கேயே கூப்பிட்டும் காட்டினார், அடுத்த தெருவாம். ஒரு பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது அத்தை. சந்தோஷமாக இருந்தது.

குளியலறையில் வாளி கவிழ்த்து வைத்திருந்தது. தரைத்தொட்டிக்குப் பூட்டு இருந்தது, ஆனால் சாவி பூட்டிலேயே தொங்கியது. கேட்டதற்கு மோட்டார் போடும்போது எடுக்க வசதி என்றார்கள். சாவியை உள்ளே ஆணியில் மாட்டினால்தான் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று சொல்லாமல் மறுபடி போய்ப் பார்த்தேன். ஆணியில் மாட்டியிருந்தது.

மாதம் 4,500. அடுத்த திங்கள் முதல் நாளுக்கு ஒரு மணி நேரம் விட்டுப் பழக்கப் போகிறேன். தீயணைப்புச் சான்று வந்ததும் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூலை 15 வரை பார்ப்பேன், பிறகு நானே போய்க் கேட்பேன்.

ஒரு சின்னச் சந்தேகம். மதியம் தூளியில்தான் போடுவார்களாம், சேலையை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்கிறார்கள். என்ன சேலை கொடுப்பது?

முன்னாள்_கரஸ்பாண்டென்ட்
20 ஜூன், காலை 6.10

தூளி வேண்டாம் என்பது என் கட்சி. பாயில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். தூளியில் கழுத்து மடங்கியிருப்பது வெளியே இருந்து பார்க்கத் தெரியாது.

உசிலம்பட்டி_அத்தை
20 ஜூன், பகல் 2.20

டீச்சரம்மா சொல்வது சரிதான், ஆனால் வீட்டில் தூளியில் பழகிய பிள்ளை முதல் வாரம் பாயில் கத்தித் தீர்க்கும். தூங்க வைக்கத் தூளி, தூங்கியதும் எடுத்துப் பாயில் மல்லாக்க. நான் அப்படித்தான் செய்கிறேன். அதையும் சொல்லிவிட்டு வா.

சேலை பழைய சுங்குடியாகக் கொடு. நைலக்ஸ் வேண்டாம், வழுக்கும், வேர்க்கும். நீ கட்டிக் கழற்றியதாக இருக்கட்டும். துவைத்துக் கொடுக்கிறேன் என்று அலசிவிடாதே.

குண்டாற்றங்கரை
20 ஜூன், மாலை 6.50

இன்றைக்குக் கட்டியிருப்பதே சுங்குடிதான் அத்தை. அரக்கும் மஞ்சளும். எடுத்து வைக்கிறேன்.